பொழுது சாயும் நேரத்தில் தெருவே விளக்கு வைப்பது எப்படி: தொற்றுக்கால ஊரடங்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு கடந்ததும் நாடு முழுவதற்குமான ஊரடங்கு தொடங்கியது. பெரம்பூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அதிகம் வசிக்கும் எங்கள் குறுக்குத் தெருவில் இருபத்திரண்டு தனி வீடுகளும் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றும் இருக்கின்றன. அந்த ஏப்ரல் மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள், சூரியன் மறையும் வேளையில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு விளக்கு வைக்கப்பட்டது. அதைத் தொடங்கியபோது செய்த தவறுகளையும், பிறகு திருத்திக்கொண்ட முறைகளையும், இன்னொரு தொற்று வந்தால் வேறொரு தெரு அப்படியே எடுத்துக்கொள்ளும்படி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விளக்கு, எண்ணெய், நேரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தெருவில் நான்கு பேராவது தொலைபேசியில் பேசி இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். இத்தாலியில் 2020 மார்ச் 13 மாலை 6 மணிக்கு மக்கள் மாடி முகப்புகளில் நின்று பாடியது, அடைபட்டுக் கிடந்த மனத்தை ஆற்றிக்கொள்வதற்காக. ஸ்பெயினில் மார்ச் 14 முதல் இரவுதோறும் எழுந்த கைதட்டல், மருத்துவமனைகளில் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்காக. இரண்டும் நல்ல நோக்கங்களே. ஆனால் அவை வெளியே யாருக்கோ கேட்பதற்காக எழுப்பப்பட்டவை. ஒரு தெரு தனக்குத்தானே தினமும் செய்துகொள்ளும் காரியத்துக்கு வேறு நோக்கம் வேண்டும். எங்களுக்கு அது, 'இன்று எல்லோரும் எழுந்து நடமாடுகிறார்களா?' என்ற ஒரே கேள்வியாக இருந்தது.

நோக்கம் தெளிவாக இல்லாவிட்டால் நிகழ்ச்சி வேடிக்கையாகிவிடும் என்பதற்கு அதே ஆண்டு மார்ச் 22 சாட்சி. அன்று மாலை 5 மணிக்கு ஐந்து நிமிடம் வாசலிலோ சன்னலிலோ நின்று கைதட்டும்படியும் மணியடிக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டது. நாட்டின் சில ஊர்களில் அது தட்டும் தாம்பாளமுமாக ஊர்வலமாகவே கிளம்பி, விலகியிருக்கச் சொன்ன நாளின் பொருளையே கெடுத்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு நோக்கத்தைக் கொடுத்தவர், கூட்ஸ் ரயிலில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர். தெருப் பிள்ளைகளுக்கு அவர் கார்டு தாத்தா. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்கேற்றிய பிறகு, கார்த்திகைக்கு வாங்கி மீந்திருந்த அகல்கள் பல வீடுகளில் திண்ணையிலேயே கிடந்தன. மறுநாள் மாலை இருட்டும் வேளையில் யாரோ அவற்றில் ஒன்றை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த தாத்தா, பழைய மூவண்ண டார்ச்சை எடுத்து அந்த வீட்டை நோக்கிப் பச்சை காட்டினார். ஓடும் ரயிலின் கார்டும் நிலையத்தில் நிற்பவரும் ஒருவருக்கொருவர் பச்சை காட்டி 'ஆல் ரைட்' சிக்னல் மாற்றிக்கொள்வது ரயில்வே வழக்கம். நிலையத்தில் நிற்பவர் சும்மா கையசைப்பதில்லை. கடந்து போகும் வண்டியில் புகையோ, தொங்கும் பாகமோ, திறந்த கதவோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பச்சையைக் காட்ட வேண்டும். எங்கள் சடங்கின் உட்பொருள் முழுவதும் இந்த ஒரு வழக்கத்தில் அடங்கியிருந்தது: விளக்கு வைப்பவர் 'நான் நலம்' என்கிறார், பச்சை காட்டுபவர் 'பார்த்துவிட்டேன்' என்கிறார்.

நேரத்தைக் கடிகாரத்திடம் விடாதீர்கள்

தினச் சடங்குக்கு ஒரு நிலையான மணி வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஸ்பெயினில் நடந்ததைக் கவனியுங்கள். முதல் நாள் இரவு 10 மணிக்கு நடந்த கைதட்டல், குழந்தைகளும் கலந்துகொள்ளட்டும் என்று மறுநாளே 8 மணிக்கு மாற்றப்பட்டது. மார்ச் நடுவில் மாட்ரிடில் சூரியன் 7:20 அளவில் மறைந்துவிடும் என்பதால் அந்தக் கைதட்டல் இருட்டில், விளக்கெரியும் சன்னல்களிலிருந்து எழுந்தது. மார்ச் 29 அன்று நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டவுடன் சூரியன் மறையும் நேரம் 8:35 ஆகிவிட, அதே 8 மணி பட்டப்பகலாகிவிட்டது. மணி மாறவில்லை, காட்சி முற்றிலும் மாறிவிட்டது.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இல்லை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் அசைகிறது: நவம்பர் பிற்பகுதியில் மாலை 5:40ஐ ஒட்டி, ஜூலைத் தொடக்கத்தில் 6:39ஐ ஒட்டி. ஊரடங்கின் முதல் கட்டங்களான மார்ச் 25 முதல் மே 31 வரையில் 6:20இலிருந்து 6:32 வரை, பன்னிரண்டு நிமிடம் மட்டுமே நகர்ந்தது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையன்று, நாளிதழில் வரும் அஸ்தமன நேரத்தைப் பார்த்து அந்த வாரத்துக்கு அதையே வைத்துக்கொண்டால் போதுமானது. நாள்தோறும் நிமிடக் கணக்குப் பார்ப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை அந்த வேலைக்கே பொறுப்பாக்கிவிடுவது நல்லது.

நகரத்தில் கண்ணால் பார்த்து நேரம் குறிப்பது ஏமாற்றும். சூரியன் ஒரு பாகை நகர்வதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. மேற்கே ஐந்து பாகை உயரத்துக்கு ஒரு கட்டடம் நின்றால் உண்மையான அஸ்தமனத்துக்கு இருபது நிமிடத்துக்கு முன்பே உங்கள் தெருவில் சூரியன் 'மறைந்துவிடும்'. எங்கள் தெருவின் மேற்கு முனையில் ஒரு கல்யாண மண்டபம் இருப்பதால் முதல் மூன்று நாட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளக்கு வைத்தோம்.

அஸ்தமனத்துக்குப் பிறகு சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான அந்தி வெளிச்சம் சென்னையில் இருபத்தொன்று, இருபத்திரண்டு நிமிடம் நீடிக்கும். எதிர்வீட்டாரின் முகமும் தெரிய வேண்டும், விளக்கின் சுடரும் தெரிய வேண்டும் என்றால் இந்த இடைவெளியின் முதல் பத்து நிமிடமே தக்க வேளை. அதற்கு முன்னால் சுடர் தெரியாது. அதற்குப் பின்னால் ஆள் தெரியாது. கொசு வருவதற்கு முன் உள்ளே போய்விடலாம் என்பது கூடுதல் பயன், அதுவும் சிறு பயனன்று.

மேகம் மூடிய நாட்களில் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டதற்கு, எங்கள் தெருவின் தமிழாசிரியை சங்கப் பாட்டான நெடுநல்வாடையைத்தான் எடுத்துச் சொன்னார்: மழை மூடிக் கிடக்கும் கூதிர் காலத்தில், பித்திகை மொட்டுகள் அவிழ்ந்து மணப்பதை வைத்தே பொழுது சாய்ந்ததை அறிந்து, இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிப் பெண்கள் கைதொழுவதாக அதில் வருகிறது. பித்திகைச் செடி இல்லாதவர்கள் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கும் எண்ணெயும்

அகல் விளக்குத்தான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். எங்கள் தெருவில் அகலும், மெழுகுவத்தியும், பிளாஸ்டிக் எமர்ஜென்சி விளக்கும், ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் வந்தன. விளக்கு வைப்பதை ஒரு சமயத்தின் வழிபாடாக ஆக்கிவிட்டால் நான்கு வீடுகள் மரியாதைக்காக வந்து, ஐந்தாம் நாள் நின்றுவிடும். அவரவர் தம் வாசலில் அந்த நேரத்தில் மந்திரம் சொல்கிறார்களா, செபிக்கிறார்களா, சும்மா நிற்கிறார்களா என்பது தெருவின் விவகாரம் அன்று.

அகல் வைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பதினைந்து நிமிடம் எரிவதற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயே தாராளம். கடைகள் பிற்பகல் 1 மணிக்கே மூடிவிட்ட நாட்களில் எண்ணெயைச் சிக்கனமாகச் செலவழிப்பது ஒரு கவலையாகவே இருந்தது. திரி கிடைக்காதபோது பழைய பருத்தி வேட்டியின் கரையில்லாத பகுதியை விரல் அகலத்துக்குக் கிழித்து, உள்ளங்கையில் முறுக்கி எடுத்துக்கொள்ளலாம். நைலான் கலந்த துணி புகைந்து உருகும். சென்னையில் கோடை மாலைகளில் கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும் என்பதால் வாசற்படியின் காற்று அடிக்காத பக்கத்தில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் மாடம் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

கையில் சானிடைசர் பூசிய ஈரத்தோடு தீக்குச்சி உரசவே கூடாது. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். பற்றிக்கொண்டால் சுடர்கூடச் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரல் 5 அன்று விளக்கேற்றுவதற்கு முன்பு அதிகாரிகள் இதைத்தான் எச்சரித்தார்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவித் துடைத்த பிறகே விளக்கருகில் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஓசையைத் தவிருங்கள்

இந்த இடத்தில் பலர் என்னோடு மாறுபடுவார்கள். கலிபோர்னியாவின் மில் வேலி என்ற சிற்றூரில் மக்கள் இரவு 8 மணிக்கு வாசலுக்கு வந்து ஓநாய்களைப் போல ஊளையிட்டார்கள். கேட்பதற்கே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் சத்தமாகப் பாடுவதும் கூவுவதும் மூச்சுத் துளிகளை அதிகமாக வெளியேற்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று மூடிய அரங்கில் நடத்திய ஒரே ஒத்திகையில், வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். தெரு திறந்த வெளிதான், அரங்கம் அன்று. ஆனாலும் ஒருவர் பாடத் தொடங்கினால் மற்றவர்கள் அருகில் போவார்கள் என்பதே என் அச்சம். இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும், கைக்குழந்தை இருக்கக்கூடும் என்ற காரணங்களும் உண்டு. ஒளி யாரையும் எழுப்பாது.

பத்து நிமிடத்தின் ஒழுங்கு

தெருவின் ஒரு முனையில் உள்ள வீட்டைத் தொடக்க வீடாக வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்தில் அங்கிருந்து பச்சை ஒளி மூன்று முறை அசைய வேண்டும். பச்சை டார்ச் இல்லையென்றால் சாதாரண டார்ச்சின் முகப்பில் இனிப்புப் பெட்டியின் பச்சைக் கண்ணாடித் தாளை ரப்பர் வளையத்தால் கட்டினால் போதும். அதைக் கண்டதும் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு வைக்கப்படுகிறது. விளக்கை வைத்தவர் படியிறங்காமல், முகக்கவசத்தோடு, தம் வாசலிலேயே ஐந்து நிமிடம் நிற்கிறார். எதிர்வீட்டாரோடு கையசைத்தும் இரண்டொரு சொல் பேசியும் கொள்ளலாம்.

பிறகு எண்ணும் வேலை. ஒருவரே எல்லா வீட்டையும் பார்ப்பது நடக்காது; ஒவ்வொரு வீட்டுக்கும் நேர் எதிர்வீடுதான் பொறுப்பு. எதிரே விளக்கு இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் பத்து நிமிடம் பொறுத்துத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் மேலும் பத்து நிமிடம் கழித்து, மாற்றுச் சாவி வைத்திருப்பவருக்குத் தகவல் போக வேண்டும். இதற்காகத் தனியாக வசிக்கும் முதியவர்கள் அனைவரும் தம் வீட்டுச் சாவி ஒன்றைத் தாம் நம்பும் ஒருவரிடம், பெயரெழுதிய உறையில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். மாடிக் குடியிருப்புகளில் எதிர்வீடு கண்ணில் படாது என்பதால் சாலைப் பக்கச் சன்னலில் விளக்கு வைத்து, கீழே உள்ள தனி வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். மொட்டை மாடிக்குப் போக வேண்டாம். படிக்கட்டிலும் மாடியிலும் கூட்டம் கூடுவதில்தான் அது முடியும்.

இந்த ஒழுங்கு எதற்கு என்பது ஏப்ரல் கடைசியில் எங்களுக்குத் தெரிந்தது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் மாலை, தனியாக வசிக்கும் எண்பது வயதுப் பாட்டியின் வாசலில் விளக்கு இல்லை. எதிர்வீட்டுப் பெண் அழைத்தபோது உடனே எடுத்துப் பேசினார்.

"ஒண்ணுமில்லம்மா, தீப்பெட்டி தீர்ந்துபோச்சு. இதுக்காக யாரைப் போய்க் கூப்பிடறதுன்னு இருந்துட்டேன்."

அவள் தீப்பெட்டியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு போய்ப் படியருகே வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்றபடி, வேறு என்ன தீர்ந்துவிட்டது என்று கேட்டாள். இரத்த அழுத்த மாத்திரை மூன்று நாட்களாக இல்லை. அரிசி ஒரு வேளைக்குத்தான் இருந்தது. மகன் தினமும் வெளிநாட்டிலிருந்து காணொளியில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் எதையும் சொல்லவில்லை. மருந்துக் கடைகள் திறந்திருக்க அனுமதி இருந்ததால் அன்றிரவே மாத்திரை வந்துவிட்டது.

விளக்கு இல்லாத வீட்டை அழைக்கும்போது 'ஏன் வைக்கவில்லை' என்று கேட்காதீர்கள். 'ஏதாவது தீர்ந்துவிட்டதா' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்குத்தான் பதிலாக வரும்.

நாங்கள் தவறிய இடங்கள்

ஏழாம் நாளோடு எங்கள் முயற்சி நின்றிருக்க வேண்டியது. ஒரு வீட்டில் சுண்டல் செய்து தொன்னையில் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் தெரு நடுவில் பதினைந்து பேர் நின்றிருந்தோம், பாதிப் பேரின் முகக்கவசம் தாடையில் இருந்தது. ரோந்து வந்த காவலர்கள் கண்டித்து அனுப்பினார்கள். அவர்கள்மீது எனக்குக் குறை ஏதுமில்லை. மறுநாள் முதல் உணவு கூடாது, படியிறங்கக் கூடாது என்ற இரண்டு விதிகளும் வந்தன. அன்போடு நீட்டப்படும் தொன்னையை மறுப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி.

இன்னொன்று கைப்பேசி. மே மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. விளக்கு வரிசையைக் காணொளி எடுத்த ஒருவர், அந்தக் கதவும் தெளிவாகத் தெரியும்படி அதைப் பகிர்ந்துவிட்டார். இரண்டு நாட்களில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுபவர் வருவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து அவர்கள் வாசலில் விளக்கு இல்லை. நோயாளிகளின் வீடுகளில் இப்படி அறிவிப்பு ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அவ்வாண்டு டிசம்பரில்தான். அதுவரை அதன் சுமையைத் தெருதான் குறைக்க வேண்டியிருந்தது. பகிர்ந்தவர் அதை நீக்கி, அந்த வீட்டாரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். கார்டு தாத்தா அன்று முதல் தொடக்க வீட்டிலிருந்து காட்டும் பச்சையை முதலில் அந்தக் கதவை நோக்கித்தான் அசைத்தார். நான்கு நாள் கழித்துச் சன்னலின் உட்பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி தெரிந்தது. ஆகவே படமோ காணொளியோ எடுப்பதில்லை என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். தொற்று கண்ட வீட்டுக்கு உள்ளிருந்தே விளக்குக் காட்டும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோன்புக் காலத்தில்

தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ரமலான் நோன்பு ஏப்ரல் 25இல் தொடங்கியது. நோன்பு திறக்கும் வேளையும் அஸ்தமனமும் ஒன்றே என்பது எங்களில் பலருக்கு, எங்கள் தெருவின் பாய் வீட்டில் இரண்டு நாள் விளக்கு இல்லாமல் போன பிறகுதான் உறைத்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பைத் திறந்து, உடனே மஃரிப் தொழுகைக்கு நிற்பவர்களை வாசலில் வந்து நில்லுங்கள் என்று கேட்க முடியாது. பள்ளிவாசல்களில் கூடித் தொழுவதும் கஞ்சி ஊற்றுவதும் நின்றுபோய் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்த ஆண்டு அது. அந்த ஒரு மாதம் முழுத் தெருவும் அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே விளக்கு வைத்தது. வெளிச்சம் இருந்ததால் சுடர் அவ்வளவாகத் தெரியவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தெருவில் யார் யாருக்கு அந்தி நேரத்தில் என்ன கடமை இருக்கிறது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொண்டால் இந்த இரண்டு நாள் சங்கடமும் இராது.

நிறுத்துவது

எப்படி முடிப்பது என்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பிரிட்டனில் வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு நடந்த கைதட்டலைத் தொடங்கி வைத்த அன்னமரி பிளாஸ், பத்தாவது வாரமான மே 28உடன் அது நின்றுவிடுவதே நல்லது என்று தாமே சொன்னார். அது அரசியலாகிக்கொண்டிருக்கிறது என்ற கவலை அவருக்கு இருந்தது. ஸ்பெயினிலும் மே 17 அன்று கடைசிக் கைதட்டல் என்று நாள் குறித்தார்கள். நாள் குறிக்காமல் விட்டால் ஒவ்வொரு வீடாகக் குறையும். கடைசியில் வைப்பவர்களுக்கு வருத்தம், வைக்காதவர்களுக்குக் குற்ற உணர்வு.

எங்கள் ஊரில் செப்டம்பர் முதல் தேதி மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வேலைக்குப் போனவர்கள் 6:18க்கு வீடு திரும்பியிருக்கவில்லை. எதிர்வீட்டைப் பார்க்கும் பொறுப்பு முதியவர்கள் தலையிலேயே விழுந்தபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள் என்று முடிவு செய்தோம். நிறுத்தும் நாளில் செய்ய வேண்டியவை மூன்று. தெருவினரின் எண்கள் கொண்ட பட்டியல் பொதுக் குழுவில் கிடந்தால் நீக்கிவிட வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, விளக்குக்குப் பதிலாக, காலையில் பால் கவரை எடுத்தார்களா என்று பார்க்கும் பொறுப்பை எதிர்வீட்டாரே ஏற்றுக்கொள்ள வேண்டும். உறைகளில் உள்ள சாவிகளை உரியவர்களிடம் கையில் கொடுக்க வேண்டும். நாங்கள் ஆறு உறைகளைத் திருப்பிக் கொடுத்தோம். தீப்பெட்டிப் பாட்டி மட்டும் உறையை வாங்கிப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணிடமே மறுபடி கொடுத்துவிட்டார்.